சரிந்து ஏறும் பாட்டு

பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன பிறகு, இனிகோவுக்குத் தனியாக வாசிக்க ஏழு நிமிடம் கிடைத்தது.

கொடுத்தவர் ஞானராஜ். பகலில் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். சாயங்காலமானால் ‘வெண்புறா இன்னிசைக் குழு’வின் தலைவர். இரண்டு வேலையையும் அவர் ஒரே மாதிரிதான் பார்த்தார். மேடையில் பாடகர்களை உயர வரிசைப்படி நிறுத்துவார். டிரம்ஸ் அடிக்கிறவன் தாளத்தில் கொஞ்சம் முந்தினால், கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து வாயில் வைப்பார். ஊதமாட்டார், வைப்பதே போதும். கல்யாண வரவேற்பு, அந்தோணியார் கோயில் திருவிழா, கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து எதுவானாலும், சொன்ன நேரத்துக்குத் தொடங்கிச் சொன்ன நேரத்துக்கு முடிக்கிற குழு திண்டுக்கல் வட்டாரத்தில் அது ஒன்றுதான் என்று பேர் வாங்கியிருந்தார்.

அந்தக் குழுவின் கடைசி வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டார் மீட்டுகிறவன் இனிகோ. வயது முப்பத்தாறு. வத்தலக்குண்டு ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். சுற்றுப்பட்டியில் எந்தக் கிணற்று மோட்டார் கருகினாலும் அது சாக்குப் பையில் சுற்றிக்கொண்டு அவன் கடை வாசலுக்குத்தான் வரும். மோட்டாருக்கு உயிர் கொடுக்கும் கை என்று ஆத்தூர்ப் பக்கம் சொல்வார்கள். ஆனால் மேடையில் அந்தக் கை என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. கீபோர்டும் டிரம்ஸும் போடுகிற கூச்சலில் கிட்டார் இருப்பதே காதில் விழாது.

2002ஆம் வருடம் ஜனவரியில், ஊர் வணிகர்கள் சேர்ந்து நடத்திய பொருட்காட்சியில் நான்கு நாளைக்கு வெண்புறாவுக்கு மேடை கிடைத்தது. இரண்டாம் நாள் நிகழ்ச்சியில் நடுவே பல குரலில் பேசுகிற ஒருவர் வரவேண்டும். அவருக்கு அம்மை போட்டுவிட்டது. நிகழ்ச்சி நிரலில் ஏழு நிமிடம் ஓட்டை விழுந்தது.

செய்தி தெரிந்த சாயங்காலமே இனிகோ ஞானராஜ் வீட்டுக்குப் போய்விட்டான்.

“சார், அந்த எடத்துல நான் ஒரு பாட்டு வாசிக்கிறேன்.”

“எது, அந்த அமெரிக்கா ஒப்பாரியா?”

“ஒப்பாரி இல்ல சார். டெல்டா புளூஸ்.”

“டெல்டான்னா தஞ்சாவூரு. நாம இருக்குறது திண்டுக்கல்லு. குடிக்கத் தண்ணியில்லாத ஊருல டெல்டாப் பாட்டு எதுக்குப்பா?”

“அது அவங்க ஊரு டெல்டா சார். பருத்தி வெளையிற பூமி. பாடுனவங்க அம்புட்டுப் பேரும் கூலிக்காரங்க. அவங்களுக்கும் தண்ணியால கஷ்டந்தான். என்ன, அங்க வெள்ளமா வந்து கஷ்டம்.”

ஞானராஜ் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார். வேறு ஆளைத் தேட நேரமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“வெறும் கிட்டார்னா ஜனம் தூங்கிரும். தாளம் வேணும். நம்ம டிரம்ஸ்காரன் அந்த ஏழு நிமிசத்துலதான் டீ குடிப்பான், அவன எழுப்ப முடியாது. நீயே ஏற்பாடு பண்ணிக்க. இன்னொண்ணு. மைக் சுவிட்சு எங்கையிலதான் இருக்கும். ஜனம் எந்திரிச்சு ராட்டினத்துப் பக்கம் போக ஆரம்பிச்சா, நான் சுவிட்ச அமுக்கிருவேன். அதுக்கப்பறம் நீ குழுவுல கிட்டாரத் தொடக்கூடாது. ஆம்ப்ளிஃபயர்காரனுக்குக் கூடமாட ஆளு வேணும், அங்க ஒக்காந்துக்க. சம்மதமா?”

இனிகோ சம்மதம் என்றான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எதற்குச் சம்மதித்தோம் என்பது உறைத்தது.

அந்தப் பாட்டு அவனிடம் வந்த கதை இது. 1993இல் பேகம்பூரில் கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்த அப்துல் சுக்கூர் பாய், “புதுசா ஒண்ணு வந்திருக்கு மாப்ள, ஒனக்குத்தான் லாயக்கு” என்று ஒரு கேசட்டைக் கையில் திணித்தார். மேலே அவருடைய கோழிக்கிறுக்கலில் ‘டெல்டா புளூஸ்’ என்று மட்டும் இருந்தது. பாடியவர்கள் பெயர் கிடையாது. ஒற்றைக் கிட்டார், ஒற்றைக் குரல். ஒரு வரியைப் பாடுகிறார்கள். அதே வரியை மறுபடியும் பாடுகிறார்கள். மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்கிறார்கள். கிட்டாரும் சும்மா மீட்டுகிற கிட்டார் அல்ல. விரலில் எதையோ மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் இழுக்கிறார்கள். அது அழுகிறது, சிரிக்கிறது, கேள்வி கேட்கிறது. எதை மாட்டுகிறார்கள் என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட இனிகோ, கடைசியில் பழைய பம்பிலிருந்து கழற்றிய குழாய்த்துண்டு மாதிரியான பித்தளை புஷ் ஒன்றைச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தான். பொருந்திவிட்டது.

கேசட்டில் மூன்றாவது பாட்டுத்தான் அவனை அடித்துப்போட்டது. பாதிக்கு மேல் ஓர் இடத்தில் பாடுகிறவரின் குரல் மெல்ல மெல்லச் சரியும். தாளமும் கூடவே தளரும். ஏதோ ஆழக் கிணற்றுக்குள் படிப்படியாக இறங்குகிற மாதிரி இறங்கி, தண்ணீரைத் தொடப்போகிற நேரத்தில் சட்டென்று ஒரே தாவில் மேலே வந்து நிற்கும். முதல்முறை கேட்டபோது இனிகோ டேப்பைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தையே மறுபடி கேட்டான். ‘மனுசன் எப்படி இதைச் செய்கிறான்’ என்று வியந்து வியந்து, அந்தச் சரிவை ஒன்பது வருடம் பழகினான். கேசட்டில் அது ஒரே தடவைதான் வரும். இவன் ஆசை தாங்காமல் ஒவ்வொரு சரணத்தின் மூன்றாவது வரியிலும் அதை வைத்துக்கொண்டான். சொற்களும் தன்னுடையவையாகவே போட்டுக்கொண்டான்:

ஆத்தூரு பஸ்ஸு வருது, ஆளு ஏற எடமில்ல,
ஆமா, ஆத்தூரு பஸ்ஸு வருது, ஆளு ஏற எடமில்ல,
ஏறுனவன் எறங்க மாட்டான், எனக்கும் வேற பஸ்ஸில்ல.

முழுதாகக் கேட்டவர்கள் மனைவி சகாயராணியும், காயில் கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த விவசாயிகளும்தான்.

தாளத்துக்கு இனிகோ நாடிப் போனது லிடியாவிடம். சகாயராணியின் தங்கை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாள். மரியநாதபுரத்து வீட்டில் தானே உதிரி வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்றும், அதில் இணைத்த கீபோர்டும் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ‘டும் டும்’ என்று கம்ப்யூட்டரில் என்னத்தையோ செய்வாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாவு மில் வைத்துவிட்டார்களா என்று கேட்டதுண்டு.

“ஏழு நிமிசமா? மச்சான், ஒங்க பாட்ட நீங்களே ஏழு நிமிசம் கேட்டிருக்கீங்களா?”

“வாய மூடு. தாளம் போட முடியுமா, முடியாதா?”

“போடலாம். ஆனா டிரம்ஸ் சத்தமெல்லாம் வேணாம். அது எல்லா ஊருலயும் ஒரே மாதிரி இருக்கும். ஒங்க கடைக்கு வாரேன்.”

மறுநாள் மதியம் ஒரு மைக்கும் டேப்பும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வார்னிஷ் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே ஒவ்வொரு சத்தமாகப் பிடித்தாள். காயில் சுற்றும் கைமிஷினில் ஒவ்வொரு சுற்றுக்கும் எண் ஏறும் ‘டக்’. மோட்டாருக்குள் கம்பி உட்காரும் காடியில் மூங்கில் ஆப்பை இறக்கும்போது சுத்தியல் தரும் ‘டொப்’. செம்புக் கம்பியை வெட்டும் ‘நறுக்’. கடைசியில், கட்டி முடித்த மோட்டாரைச் சோதிக்க ஓடவிட்டபோது வருகிற ‘ம்ம்ம்’. மோட்டாரை எடுத்துப்போக வந்திருந்த ஆத்தூர் ஆண்டிச்சாமி இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, என் மோட்டாருக்கு ஏதும் நோயா? பாப்பா நெஞ்சுல கொழாயி வச்சுப் பாக்குதே” என்றார்.

“இல்ல பெரியப்பா, ஒங்க மோட்டாரு பாடப் போவுது.”

“தண்ணி எடுத்தாப் போதும் தாயி.”

வீட்டில் அவள் அந்த நான்கு சத்தத்தையும் வெட்டி ஒட்டித் தாளமாக்கியபோது, இனிகோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். டக்-டக், டொப், டக்-நறுக், டொப். அடியில் மோட்டாரின் முனகல் ஒரு சுருதிப்பெட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. லிடியா கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, “மோட்டாரு முனகுறது ஜி சுருதி மச்சான். ஒங்க கிட்டாரும் அதேதான் இருக்கு. யாரு சுருதி சேத்துக் குடுத்தா?” என்றாள். யாரும் சேர்த்துக் கொடுக்கவில்லை. கடையில் எப்போதும் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்; அதற்கு ஒத்துப்போகிற வரை திருகியிருக்கிறான். அவ்வளவுதான்.

தகராறு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து மூவரும் லிடியாவின் வீட்டில் இருந்தார்கள். பாட்டின் வேகம் என்ன என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் தாளத்தை உட்கார வைக்க முடியும் என்று சொல்லி, லிடியா அந்தக் கேசட்டையே கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தாள். திரையில் பச்சை நிறத்தில் பாட்டு மலைத்தொடர் மாதிரி ஓடியது. நான்கைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டவள் திரும்பினாள்.

“மச்சான், இந்தாளு இங்க மெதுவாப் பாடல.”

“பாடுறாரே, காதுல விழல?”

“பாடுறவன் மெதுவாப் பாடுனா தாளந்தான் தளரும். கொரலு ஏன் தடிக்கிது? எருமை கத்துற மாதிரி ஆவுது பாருங்க. பின்னாடி ஒருத்தன் இருமுறான், கேட்டீங்களா? அந்த இருமலும் சேந்து தடிக்கிது. பாட்டு, கிட்டாரு, இருமலு அம்புட்டும் ஒரே அளவுல எறங்குது. எறங்குறது மனுசன் இல்ல மச்சான். டேப்பு.”

இனிகோவுக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, பிறகு புரியாத மாதிரி இருந்துவிடலாமா என்று தோன்றியது.

மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சகாயராணி தலையைத் தூக்காமல் சொன்னாள்: “தெனமும் கடையில ஒக்காந்து, ‘கரண்டு எறங்குனா மோட்டாரு எறங்கும்ணே, மோட்டாரு மேல கொற சொல்லாதீங்க’ன்னு ஊருக்கே பாடம் எடுக்குறீங்க. டேப்புக்குள்ள சுத்துறதும் மோட்டாருதான?”

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பேகம்பூருக்குப் போனான்.

சுக்கூர் பாயின் கடையில் இப்போது கேசட் பாதி, செல்போன் உறை பாதி. விஷயத்தைக் கேட்டதும் அவர் நெற்றியைத் தேய்த்து யோசித்தார்.

“ஆமா, ஞாபகம் இருக்கு. வெள்ளக்காரப் பையன் ஒருத்தன், கொடைக்கானல் போற பஸ்ஸ விட்டுட்டு வந்து நின்னான். காதுல வாக்மேனு. என்ன பாட்டுடான்னு கேட்டா, கழட்டிக் கையிலயே குடுத்துட்டான். இங்கதான் பக்கத்துல பிரியாணி சாப்பிடப் போனான், வரதுக்குள்ள பதிஞ்சுக்கங்கன்னு சாடை காமிச்சான். ஒயரப் போட்டு நம்ம டெக்குல பதிஞ்சேன். மூணாவது பாட்டுல வாக்மேனுக்குள்ள செல்லு வீக்காயிருச்சு.”

“வீக்காயிருச்சா?”

“இழுக்க ஆரம்பிச்சிருச்சு. என்னடான்னு பாத்தேன். நம்ம பக்கம் டெக்க அப்படியே நிறுத்தி வச்சு, வாக்மேனுல புது செல்லப் போட்டு, மறுபடி ஓட விட்டேன். நடுவுல ஒரு நொடி காலி இருக்காது, கேட்டுப் பாரு. நம்ம வேல சுத்தம்.”

“பாய், அந்த எறக்கத்த நான் ஒம்பது வருசமா பழகிக்கிட்டிருக்கேன்.”

பாய் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ கிளாஸ் ஆடி, செல்போன் உறைகளின் மேல் சிந்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப பாட்டுல கால்வாசி என்னோடதுன்னு சொல்லு. மேடையில எம்பேரையும் சேத்துச் சொல்லிரு மாப்ள, வீட்ல பெருமையா இருக்கும்” என்றார்.

இனிகோவும் சிரித்தான். ஆனால் வண்டியை மிதித்துக் கிளப்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஏழு நிமிடத்துக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்து, மேடையேறி, தேய்ந்துபோன செல்லை அல்லவா வாசிக்கப் பார்த்தோம் என்று குறுகுறுத்தது. மேடையேற இன்னும் நான்கு நாள்.

லிடியா அதற்குள் ஒரு வேலை செய்திருந்தாள். சரிந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்து நிமிர்த்தி, பாடியவர் உண்மையில் எப்படிப் பாடினாரோ அப்படி ஆக்கி வைத்திருந்தாள். இனிகோ கேட்டான். பாட்டு நேராகப் போனது. சுருக்கமாக, உறுதியாக, எங்கேயும் தள்ளாடாமல். குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘இதுதான் அசல்’ என்று சொல்லிக்கொண்டு அப்படியே பழகத் தொடங்கினான்.

செவ்வாய்க்கிழமை ஞானராஜ் லிடியாவின் வீட்டுக்கு ஒத்திகை பார்க்க வந்தார். கையில் ஸ்டாப் வாட்ச். கைமிஷின் ‘டக்-டக்’ என்று தொடங்கியதும் புருவத்தைத் தூக்கினார். கிட்டார் சேர்ந்ததும் இறக்கினார். ஆறு நிமிடம் ஐம்பது வினாடியில் பாட்டு முடிந்தது.

“பரவால்ல. மார்ச் பாஸ்ட்டு மாதிரி நேராப் போவுது. இப்படியே வாசி. ஒரு எழுத்து மாறக்கூடாது” என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துப் போனார்.

அவர் இருந்தபோது சரியாகத்தான் வாசித்தான். போன பிறகு வரவில்லை. மூன்றாவது வரிக்கு வந்தால் சுண்டுவிரல் தானாகவே சரிந்தது. மனம் ‘நேரே போ’ என்கிறது, விரல் இறங்குகிறது, தாளம் அதன் பாட்டுக்கு முன்னால் ஓடிவிடுகிறது. நான்கு தடவை நிறுத்தினான். ஐந்தாம் தடவை பித்தளை புஷ்ஷைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டான்.

“கொரங்கு மாதிரி அதுவே எறங்குது லிடியா. நான் என்ன செய்ய?”

“எறங்கட்டும் மச்சான். செத்த இருங்க, நானும் கூட வாரேன்.”

கீபோர்டின் இடது ஓரத்தில் சிறு சக்கரம் ஒன்று உண்டு. அதை முன்னால் தள்ளினால் சத்தத்தின் சுருதி ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். கடைச் சத்தங்களை வெட்டி வைத்திருந்த விதத்தில், அந்தச் சக்கரத்தை இழுத்தால் சுருதி மட்டுமல்ல, வேகமும் சேர்ந்தே தளர்ந்தது. தேய்ந்த செல்லில் ஓடும் டேப் எப்படித் தளருமோ அப்படியே. லிடியா சும்மா கேலிக்குத்தான் தொடங்கினாள். இனிகோவின் விரலையே பார்த்துக்கொண்டு, அது சரியும்போது சக்கரத்தை இழுத்தாள்.

‘டக்-டக்’ என்பது ‘டொக்… டொக்…’ ஆனது. மோட்டாரின் முனகல் கிணற்றின் அடியாழத்துக்குப் போனது. கிட்டாரும் குரலும் அதோடு போயின. அடியில், எல்லாம் நின்றுவிடுமோ என்கிற இடத்தில், இனிகோவின் விரல் மேலே தாவியது. லிடியா சக்கரத்தை விட்டாள். அத்தனையும் ஒரே நொடியில் பழைய வேகத்துக்கு வந்து நின்றன.

அடுப்படியிலிருந்து சகாயராணி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “இது என்ன, தூக்கிவாரிப் போடுது?”

“நல்லாருக்கா?”

“நல்லாருக்கு நல்லால்ல எனக்கென்ன தெரியும். வயித்துக்குள்ள பஸ்ஸு மேட்டுல ஏறி எறங்குற மாதிரி இருக்கு. இன்னொருக்கப் பண்ணுங்க.”

இன்னும் ஆறு தடவை செய்தார்கள். ஒரே ஒரு சிக்கல்: லிடியாவுக்கு அவன் விரல் தெரியவேண்டும். அதற்கு அவன் ஜனத்துக்கு நேராக உட்காரக்கூடாது. பக்கவாட்டில், அவளைப் பார்த்து உட்கார வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஞானராஜ். அவர் சம்மதித்தது நேர்ப்பாட்டுக்கு. நேர்ப்பாட்டை வாசித்தால் சுவிட்ச் அமுங்காது, கடைசி வரிசை நாற்காலியாவது நிலைக்கும். அதுவும் சரிவு டேப்பின் தப்பு என்று தெரிந்த பிறகு அந்தத் தப்பையே நாலு பேர் முன்னால் வாசிக்க இனிகோவுக்கு மனம் ஒப்பவில்லை. லிடியா இரண்டையும் தனித்தனியாகப் பத்திரப்படுத்தி வைத்தாள்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பொருட்காட்சி மைதானத்தில் எள் விழ இடமில்லாத கூட்டம். ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் டெல்லி அப்பளம், நடுவில் மேடை. கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அது மேடைக்கு ஏறியபோது முன்வரிசையில் ஒருவர், “என்னப்பா, கரண்டு பில்லு கட்டுற ஆபீசா?” என்றார். கூட்டம் சிரித்தது.

இனிகோ நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டான். ஓரத்தில் சுவிட்ச் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்ற ஞானராஜ், ஜனத்தைப் பார்த்து உட்காரச் சொல்லி விரலால் சாடை காட்டினார். அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

லிடியா குனிந்து மெதுவாகக் கேட்டாள். “மச்சான், எதப் போட? நேரா, எறங்குறதா?”

அவன் கூட்டத்தைப் பார்த்தான். மேடைக்கு முன்னால் மட்டும் முந்நூறு பேர் இருக்கும். அந்த அமெரிக்காக்காரரை அவர்களுக்குத் தெரியாது. அசல் எது, செல் தேய்ந்தது எது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இவன் எதை ஆசைப்பட்டு வாசிக்கிறான், எதைப் பயந்து வாசிக்கிறான் என்பது முதல் சரணத்திலேயே தெரிந்துவிடும். ஆசைப்பட்டது ஒன்றுதான் அவனிடம் இருந்தது.

“எறங்குறது” என்றான்.

கைமிஷின் ஓடத் தொடங்கியது. ஆத்தூர் பஸ் வந்தது. ஆள் ஏற இடமில்லை என்றதும் கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள், உண்மைதானே. மூன்றாவது வரியில் விரல் சரிந்தது, சக்கரம் இறங்கியது, மைதானத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் மோட்டார் முனகிக்கொண்டே ஆழத்துக்குப் போனது.

“ஏலே, கரண்டு போகுதுடா” என்று ஒருவன் கத்தினான். ஆம்ப்ளிஃபயர்காரன் பதறியடித்துக்கொண்டு ஒயரைப் பிடிக்க ஓடினான். ராட்டினத்தில் இருந்தவர்கள்கூடத் தலையைத் திருப்பினார்கள். பாட்டு தாவி மேலே வந்து நின்றது. கூட்டம் முழித்தது. இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஞானராஜின் வாயில் விசில் ஏறிவிட்டது. கை சுவிட்சின் மேல் அழுந்தியது. இனிகோவுக்கு ஓரக்கண்ணில் எல்லாம் தெரிந்தது. நிறுத்தவில்லை.

மோட்டாரத் தூக்கி வந்தான், முக்கா மணி பேசி நின்னான்,
ஐயோ, மோட்டாரத் தூக்கி வந்தான், முக்கா மணி பேசி நின்னான்,
காயில் மட்டும் கருகலப்பா, கேட்டுக் கேட்டு நான் கருகிப்போனேன்.

இந்த முறை சரியும்போது, எழுந்து நின்ற இருவரில் ஒருவன் பாட்டோடு சேர்ந்து முழங்காலை மடித்துக் கீழே உட்கார்ந்தான். பாட்டு தாவியபோது அவனும் துள்ளி எழுந்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் சரணம் முடிவதற்குள் ஒரு வரிசையே தயாராக நின்றது. நான்காம் சரணத்தில், ‘எறங்கப் போவுது, எறங்கப் போவுது’ என்று பெண்கள் பக்கமிருந்து குரல் கேட்டது. சக்கரம் இறங்க இறங்க மைதானமே குனிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் குழந்தையோடு குனிந்தாள். அப்பளக் கடைக்காரர் கரண்டியோடு குனிந்தார். மேலே தாவிய நொடியில் எழுந்த கூச்சலில் லிடியாவுக்குச் சிரிப்பு வந்து கை நழுவப் பார்த்தது.

“கையப் பாரு, கையப் பாரு” என்று இனிகோ பல்லைக் கடித்தான். அவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏழு நிமிடம் ஆனது. சுவிட்ச் அமுங்கவில்லை. எட்டு ஆனது. இனிகோவிடம் சரணம் தீர்ந்துவிட்டது. முதல் சரணத்தையே திரும்பப் பாடினான். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் முடித்து எழுந்தான். மறக்காமல் மைக்கில், “இந்தப் பாட்டுல கால்வாசி பேகம்பூர் அப்துல் சுக்கூர் பாயோடது” என்று சொன்னான். ஏன் என்று விளக்க நேரமில்லை.

மேடைக்குப் பின்னால் ஞானராஜ் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒம்பது நிமிசம் பத்து செகண்டு.”

“ஆமா சார்.”

“நான் கேட்டது ஒண்ணு, நீ வாசிச்சது ஒண்ணு.”

“ஆமா சார்.”

“ஜனத்துக்கு முதுகக் காட்டி ஒக்காந்த.”

“பாதி முதுகுதான் சார்” என்றாள் லிடியா.

அவர் அவளையும் பார்த்தார், கம்ப்யூட்டரையும் பார்த்தார். விசிலைத் திருகினார். “நாளைக்கு இத நடுவுல வைக்க முடியாது. இதுக்கப்பறம் எவன் மெலடி பாடுனாலும் எடுபடாது. கடைசியில வச்சுக்குவோம். பதினஞ்சு நிமிசம். இன்னும் நாலு சரணமாச்சும் எழுதிட்டு வா. பாடுனதையே பாடுற, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

அதற்குள் தட்டியை விலக்கிக்கொண்டு ஆண்டிச்சாமி உள்ளே வந்தார். வேட்டியெல்லாம் மைதானத்துப் புழுதி. அவரும் குனிந்து எழுந்திருக்கிறார். “இனிகோ, அந்த முனகுறது என் மோட்டாருதான? நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான். அந்த எறங்குற எடத்த மட்டும் செத்த காட்டேன், வெளிய பசங்க நிக்கிறானுக.”

ஒயரெல்லாம் கழற்றியாயிற்று. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. இனிகோ ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, புஷ்ஷை விரலில் மாட்டினான். லிடியா பெட்டியின் பக்கவாட்டில் விரலால் ‘டக்-டக்’ என்று தட்டினாள். தட்டிக்குப் பின்னால் பத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன. மேடையில் அடுத்த பாட்டுக்காரர், தலைவர் இல்லாமல் தொடங்கலாமா என்று தெரியாமல் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நிமிசம் பொறு” என்று ஞானராஜ் அவருக்குச் சாடை காட்டிவிட்டு, ஸ்டாப் வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டார்.